கண் சிவந்தால் எல்லாம் கண்நோய் அல்ல

எமது சங்கக் குடும்பம் ஒன்றில் நடந்ததை, அவர்களுடைய சம்மதத்தோடு, பெயர் குறிப்பிடாமல் இங்கே எழுதுகிறோம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள், மச்சாளின் சாமத்திய வீட்டுக்காக ஒரு வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் லண்டன் வந்தார். வரும் வழியில் கொன்ராக்ட் லென்ஸைக் கழற்றாமலேயே நித்திரையாகிவிட்டார். சனிக்கிழமை காலை வலது கண் சிவந்திருந்தது. சேலை கட்டிக்கொண்டு கண்ணாடி போட மனமில்லை. அதே லென்ஸைக் கழுவி மீண்டும் போட்டுக்கொண்டார். இரவு கண் எரிந்து நீர் வடிந்தது. தாயார், முன்பு இந்தியாவுக்குப் போனபோது மருந்துக்கடையில் வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த கண் சொட்டு மருந்தை இரண்டு தரம் விட்டார். ஞாயிறு காலை சிவப்பு நன்றாகக் குறைந்திருந்தது. "பார்த்தியா, சுகமாகிட்டுது" என்று எல்லோரும் ஆறுதலடைந்தார்கள். திங்கள் பின்னேரம் அந்தப் பிள்ளையால் யன்னல் திரைச்சீலையைத் திறக்க முடியவில்லை. கண்ணின் கறுப்புப் பகுதியில் ஒரு சிறிய வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

தாயார் செய்தது எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். கண் சிவந்தால் அது கண்நோய், இரண்டு மூன்று நாளில் போய்விடும், வீட்டில் இருக்கிற மருந்தை விட்டால் கெதியாகப் போகும் என்பது நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த விஷயம். பெரும்பாலான வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சில சிவந்த கண்கள் வேறு. கிருமி கண்ணின் வெள்ளைப் பகுதியில் நிற்காமல் கருவிழியின் முன் படலத்துக்குள் இறங்கிவிட்டால், பார்வையைக் காப்பாற்றுவதற்கு உள்ள நேரத்தை நாட்களில் அல்ல, மணித்தியாலங்களில் கணக்கிட வேண்டியிருக்கும். இந்த இரண்டையும் வீட்டில் எப்படி வேறுபடுத்தி அறிவது, வைத்தியசாலையில் என்ன செய்வார்கள், நாம் என்ன செய்யக்கூடாது என்பவற்றை இந்த இதழில் பார்ப்போம்.

கருவிழிப் படலம்

நாம் கருவிழி என்று சொல்லும் பகுதி பார்ப்பதற்குக் கறுப்பாக இருந்தாலும், அதன் முன்னால் மணிக்கூட்டுக் கண்ணாடி போல மூடியிருக்கும் படலம் முற்றிலும் தெளிவானது. ஊரில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு விழிவெண்படலம் என்ற பெயர் ஞாபகம் இருக்கும். இங்கே வைத்தியர்கள் கோர்னியா என்பார்கள். அதன் விட்டம் ஏறக்குறைய 12 மில்லிமீற்றர். நடுப்பகுதியில் தடிப்பு அரை மில்லிமீற்றர் மாத்திரமே. கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இந்தப் படலம்தான் செய்கிறது. உள்ளே இருக்கும் வில்லை செய்வது மிகுதிப் பங்கைத்தான்.

படலம் தெளிவாக இருக்கவேண்டும் என்பதற்காக அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதற்கு வேண்டிய ஒட்சிசன் பெரும்பாலும் கண்ணீர் மூலமாகக் காற்றிலிருந்து கிடைக்கிறது. லென்ஸ் போட்டுக்கொண்டு கண்ணை மூடித் தூங்கினால் அந்த வழி அடைபடுகிறது. அத்துடன், இரத்தம் ஓடாத இடத்துக்குக் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ஓரத்திலிருந்தும் கண்ணீரிலிருந்தும்தான் வந்து சேர வேண்டும். கிருமி உள்ளே இறங்கிவிட்டால் அதற்கு முதலில் கொஞ்ச நேரம் கிடைக்கிறது என்று சொல்லலாம்.

ஆனால் கிருமி இலகுவில் உள்ளே போவதில்லை. படலத்தின் மேற்தோல் நல்ல வேலி. கண்ணீரில் லைசோசைம் என்னும் பக்ரீரியாவைக் கரைக்கும் பொருளும் உண்டு. பின்னாளில் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1922இல் லண்டன் சென்ற் மேரிஸ் வைத்தியசாலையில் இருந்தபோது அதைப் பற்றி எழுதினார். பரிசோதனைக்குக் கண்ணீர் வேண்டும் என்பதற்காக ஆட்களின் கண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டாராம்! அந்த மேற்தோலில் நகக்கீறல், மண், லென்ஸின் உராய்வு ஏதாவது பட்டுச் சிறு காயம் ஏற்படும்போதுதான் கிருமிக்குக் கதவு திறக்கிறது. மேற்தோல் மட்டும் உரிந்தால் ஓரிரு நாளில் தழும்பில்லாமல் வளர்ந்துவிடும். அதற்குக் கீழே உள்ள தடித்த பகுதியைக் கிருமி அரித்துவிட்டால், ஆறும்போது வெள்ளைத் தழும்பு விட்டுத்தான் ஆறும். அந்தத் தழும்பு நடுவில் விழுந்தால் பார்வை போகும்.

எப்படி அறிந்துகொள்வது?

சாதாரண கண்நோயில் கண் உறுத்தும், கடிக்கும், பீளை வரும், காலையில் இமைகள் ஒட்டியிருக்கும். ஒரு கண்ணில் தொடங்கினாலும் அனேகமாக மற்றக் கண்ணுக்கும் வரும். வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். பீளையைத் துடைத்துக் கண்ணை இரண்டு தரம் வெட்டினால் பார்வை தெளிந்துவிடும்.

கருவிழியில் தொற்று என்றால் பெரும்பாலும் ஒரு கண்தான். உறுத்தலை விட வலி மேலோங்கி நிற்கும். எமது உடலில் உணர்வு நரம்புகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் கருவிழிப் படலமும் ஒன்று. வெளிச்சம் பட்டால் கண்ணைத் திறக்க முடியாது. மின்குமிழை அணைக்கச் சொல்லுவார்கள். சிவப்பு, கருவிழியைச் சுற்றி வளையம் போல அதிகமாக இருக்கும். கண்ணைத் துடைத்தாலும் பார்வை மங்கலாகவே இருக்கும். சிலவேளை கருவிழியில் அரிசிக் குறுணி போல வெள்ளை அல்லது சாம்பல் புள்ளி தெரியும். ஆனால் அது தெரியும்வரை காத்திருக்கக் கூடாது, தொடக்கத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, சிவந்த கண்ணால் மட்டும் சுவர் நாட்காட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி போடுபவர் கண்ணாடியுடன் பார்க்கலாம். வழக்கமாக வாசிக்கும் எழுத்தை வாசிக்க முடியவில்லை என்றால் அது சாதாரண கண்நோய் அல்ல. எங்கள் பெரியவர்கள் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு "வடிவாத் தெரியுது" என்பார்கள். நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

நீரிழிவு உள்ளவர்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. சீனி வருத்தம் நீண்டகாலம் இருந்தால் கருவிழியின் உணர்வு குறையலாம், காயமும் மெதுவாகத்தான் ஆறும். ஆகவே இவர்களுக்கு வலி குறைவாக இருப்பது நல்ல அறிகுறி என்று எடுக்க முடியாது. முகவாதம் வந்து ஒரு பக்க இமை முழுதாக மூடாதவர்களும் இப்படியே கவனமாக இருக்க வேண்டும்.

லென்ஸ் போடுபவருக்குக் கண் வலித்துச் சிவந்தால் மேலே சொன்ன எல்லாம் சேர்ந்து வரும்வரை பார்த்திருக்க வேண்டியதில்லை. லென்ஸைக் கழற்றி, அன்றைக்கே காட்ட வேண்டும்.

நான்கு வகைக் கிருமிகள்

இங்கிலாந்தில் லென்ஸ் போடுபவர்களின் கருவிழியை அதிகம் தாக்குவது பக்ரீரியா. அவற்றில் சூடோமோனாஸ் என்பது மிக மோசமானது. ஈரம் உள்ள இடமெல்லாம் வாழும். லென்ஸ் டப்பாவுக்குள்ளும் வாழும். இரண்டு மூன்று நாளுக்குள் படலத்தையே துளைத்துவிடக்கூடியது. இங்கே ஒரு விஷயத்தைக் குறிப்பிட வேண்டும். 2005ஆம் ஆண்டிலிருந்து இங்குள்ள பார்மசிகளில் குளோரம்பெனிக்கோல் சொட்டு மருந்தை வைத்தியர் சீட்டில்லாமல் வாங்கலாம். சாதாரண கண்நோய்க்கு அது நல்ல மருந்து. ஆனால் சூடோமோனாஸ் அதற்கு அசையாது. லென்ஸ் போடுகிறீர்களா என்று பார்மசியில் கேட்பது இதற்காகத்தான். மருந்து கிடைத்தால் போதும் என்று "இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது வைரஸ். உதட்டோரத்தில் காய்ச்சல் கொப்புளம் வரச்செய்யும் அதே ஹேர்பீஸ் வைரஸ்தான் கருவிழியிலும் புண்ணை உண்டாக்கும். சிறுவயதில் உடலுக்குள் புகுந்து நரம்பில் உறங்கிக் கிடந்து, காய்ச்சல், வெயில், மன அழுத்தம் என்று ஏதாவது சாக்கில் எழும்பி வரும். வைத்தியர் புளோரசீன் என்னும் செம்மஞ்சள் சாயத்தை விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், மரக்கிளை போலக் கிளைவிட்ட புண் பச்சையாக ஒளிரும். இதற்கு அசைக்ளோவிர் களிம்பு அல்லது கன்சைக்ளோவிர் ஜெல், நாளுக்கு ஐந்து தரம். மாறினாலும் திரும்பி வரும் குணம் இதற்கு உண்டு. அமெரிக்காவில் நடத்தி 1998இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஏற்கெனவே இது வந்தவர்களுக்கு ஒரு வருடம் அசைக்ளோவிர் குளிசை கொடுத்தபோது, கண்ணில் திரும்பி வந்தது 100க்கு 32 பேரிலிருந்து 19 பேராகக் குறைந்தது. அடிக்கடி வருபவர்கள் இதைப் பற்றிக் கண் வைத்தியரிடம் கேட்கலாம். இங்கே சிங்கிள்ஸ் எனப்படும் அக்கியும் கருவிழிக்கு வரலாம். நெற்றியில் கொப்புளம் வந்து மூக்கு நுனியிலும் ஒன்று தெரிந்தால், கண்ணும் பாதிக்கப்படக்கூடும் என்று எடுத்துக்கொண்டு அன்றே காட்ட வேண்டும்.

மூன்றாவது பூஞ்சணம். குளிர் நாடுகளில் அரிது. எங்கள் ஊர்ப்பக்கம் நிறைய. நெற்கதிர், வைக்கோல், ஓலை, மரத்தூள் கண்ணில் பட்ட காயத்தினால் வருவது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994இல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பற்றிய ஆய்வில், 284 பேருக்கு முன்னதாகக் கண்ணில் காயம் பட்டிருந்தது. ஆய்வுகூடத்தில் கிருமி வளர்ந்தவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்குப் பூஞ்சணம். இங்கே இருப்பவர்களுக்கு ஏன் இதைச் சொல்கிறோம் என்றால், நாம் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம், வளவு துப்புரவாக்குகிறோம், பிள்ளைகள் வயலில் விளையாடுகிறார்கள். பூஞ்சணம் மெதுவாக வளரும். திரும்பி வந்து இரண்டு மூன்று கிழமை கழித்தும் பெரிதாகலாம். ஆகவே கண்ணில் ஏதாவது பட்டதா, எந்த நாட்டில் பட்டது என்பதை இங்குள்ள வைத்தியருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இதற்கு நற்றமைசின் என்னும் சொட்டு மருந்து பல கிழமைகளுக்கு விட வேண்டும். அது பழைய மருந்துதான். ஆனால் அரவிந்தில் 323 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், புதியதும் விலை கூடியதுமான வொரிகொனசோல் சொட்டு மருந்தை விட அதுவே நல்ல பலன் கொடுத்தது.

நான்காவது, இந்த நாட்டுக்காரர் விசேடமாக அறிய வேண்டியது. அக்கந்தமீபா என்பது தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் ஓரணு உயிர். குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரினுக்குச் சாகாமல் ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். பிரித்தானியாவில் இது அதிகமாகக் காணப்படுவதற்கு, பழைய வீடுகளின் லொஃப்டில் உள்ள தண்ணீர்த் தொட்டிகள் ஒரு காரணம் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குளியலறைக் குழாய்க்குத் தண்ணீர் பல வீடுகளில் அந்தத் தொட்டியிலிருந்தே வருகிறது. லண்டன் மூர்பீல்ட்ஸ் கண் வைத்தியசாலையில் 2000 முதல் 2003 வரை வருடத்துக்கு 8 முதல் 10 பேரில் காணப்பட்ட இந்நோய், 2011க்குப் பிறகு வருடத்துக்கு 36 முதல் 65 பேர் வரை கூடியதாக 2018இல் வெளியான ஆய்வு கூறியது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் வந்தவர்கள் படும் பாடு சிறிதல்ல. கண்ணில் தெரியும் புண்ணுக்குப் பொருந்தாத கடும் வலி இதன் அடையாளம். தொடக்கத்தில் ஹேர்பீஸ் போலத் தோன்றுவதால் நோயைப் பிடிக்கத் தாமதமாவதும் உண்டு. நோயாளிகளில் பத்தில் எட்டு ஒன்பது பேர் லென்ஸ் போடுபவர்கள். கிருமி கொல்லும் விசேட சொட்டு மருந்துகளை மாதக்கணக்கில் விட வேண்டியிருக்கும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் போகும்.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள்?

நாடியை வைத்து உட்கார வைத்து நுணுக்குக்காட்டியால் பார்ப்பார்கள். புண் பெரிதாக அல்லது நடுவில் இருந்தால், விறைப்பு மருந்து விட்டு, அதன் ஓரத்தைச் சிறிது சுரண்டி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். கேட்கப் பயமாக இருந்தாலும் நோகாது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்பது அதில்தான் தெரியும். வீட்டிலேயே ஏதோ அன்ரிபயோற்றிக் சொட்டை விட்டுவிட்டுப் போனால் கிருமி அரைகுறையாகச் செத்து, ஆய்வுகூடத்தில் வளராமல் போகலாம். பிறகு வைத்தியர் ஊகத்தில்தான் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். லென்ஸ், டப்பா, திரவப் போத்தல் மூன்றையும் வீசாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அவற்றிலிருந்தும் கிருமியைப் பிடிக்கலாம்.

பக்ரீரியா என்று நினைத்தால் முடிவு வருமுன்னரே வலுவான சொட்டு மருந்தைத் தொடங்குவார்கள். அனேகமாக முதல் இரண்டு நாளும் மணித்தியாலத்துக்கு ஒரு தரம், இரவும் பகலும். இங்கேதான் குடும்பத்தின் வேலை வருகிறது. படலத்தில் இரத்தம் ஓடாததால் குளிசை அங்கே போய்ச் சேருவது குறைவு. மேலிருந்து விடும் மருந்துதான் வேலை செய்யும். அதையும் கண்ணீர் சில நிமிடங்களில் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் அத்தனை தரம். "பிள்ளை இப்பதான் கண்ணயர்ந்தது, எழுப்பப் பாவம்" என்று இரண்டு மணிச் சொட்டையும் மூன்று மணிச் சொட்டையும் விட்டுவிட்டால், பகல் முழுவதும் பட்ட பாடு கிருமிக்குச் சாதகமாகப் போகும். வீட்டில் இருப்பவர்கள் முறை வைத்து விழித்திருங்கள். தொலைபேசியில் அலாரம் வையுங்கள். ஒரு தாளில் நேரத்தை எழுதி, விட்டதும் கோடிடுங்கள். இரண்டு வகை மருந்தென்றால் இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்; போத்தலின் நுனி இமையில் முட்டக்கூடாது. நோயாளிக்குத் தனித் துவாய் கொடுங்கள். தனியாக வாழும் பெரியவர் என்றால் வைத்தியசாலையில் சொல்லுங்கள், முதல் இரண்டு நாள் வார்ட்டில் வைத்துக் கவனிக்கவும் கூடும்.

இரண்டாம் நாள் வலி குறையாவிட்டால் மருந்து பிழை என்று நிறுத்திவிட வேண்டாம். குறித்த நாளில் திரும்பக் காட்டுங்கள். வலி கூடினால் நாள் பார்க்காமல் உடனே போங்கள். கண் சிவப்பு மாறிவிட்டது என்பதும் மருந்தை நிறுத்தக் காரணம் ஆகாது.

வீட்டு மருந்துகள்

இனி அந்தத் தாயார் விட்ட சொட்டு மருந்துக்கு வருவோம். அதில் அன்ரிபயோற்றிக்குடன் ஸ்ரெரொய்ட் ஒன்றும் கலந்திருந்தது. ஸ்ரெரொய்ட் கிருமியைக் கொல்லாது. கிருமிக்கு எதிராக உடல் காட்டும் கோபத்தைத்தான் அடக்கும். சிவப்பும் வலியும் குறைவது அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை சுகம் வந்தது போலத் தெரிந்தபோது, உள்ளே கிருமி தடையில்லாமல் பரவிக்கொண்டிருந்தது. ஹேர்பீஸ் புண்ணிலும் பூஞ்சணப் புண்ணிலும் இதே கதைதான், இன்னும் மோசமாக. தாய்மாருக்கு நாம் சொல்வது: இன்றைக்கே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, அங்கிருக்கும் கண் மருந்துகளின் பெட்டியை வாசியுங்கள். டெக்சாமெதசோன், பீற்றாமெதசோன், பிரெட்னிசொலோன், புளோரோமெதொலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்ரெரொய்ட். யாருக்கும் அதைக் கைமருந்தாக விடக்கூடாது. திறந்து ஒரு மாதத்துக்கு மேலான கண் சொட்டு எதுவாயினும், வேறு காலம் குறிப்பிட்டிருந்தாலன்றி, பார்மசியில் கொடுத்து அழிக்கச் சொல்லுங்கள்.

"வைத்தியசாலையிலும் பிறகு ஸ்ரெரொய்ட் கொடுத்தார்களே" என்று சிலர் கேட்பார்கள். உண்மை. கிருமி இன்னதென்று தெரிந்து, அது அடங்கிய பின்னர், தழும்பைக் குறைக்கலாம் என்ற எண்ணத்தில் நிபுணர்கள் சிலவேளை கொடுப்பதுண்டு. அதுவும் எல்லோருக்கும் பலன் தருவதாக இல்லை. பக்ரீரியாப் புண் உள்ள 500 பேரில் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஸ்ரெரொய்ட் விட்டவர்களுக்கும் விடாதவர்களுக்கும் பார்வையில் மொத்தத்தில் வித்தியாசம் இருக்கவில்லை.

தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன், விளக்கெண்ணெய் என்று அம்மம்மாமார் சொல்லுவது அன்பினால்தான். ஆனால் இவை எதுவும் கிருமி நீக்கியவை அல்ல. மேற்தோலில் காயமுள்ள கண்ணுக்குள் பூச்சாற்றை விடுவது, பூஞ்சணத்துக்கு நாமே கதவைத் திறந்துவிடுவது போன்றது. கண்ணில் மண்ணோ, தூளோ, மருந்துநீரோ பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் நிறையக் கழுவுவது மட்டும்தான் வீட்டில் செய்ய வேண்டிய வைத்தியம்.

லென்ஸும் எங்கள் கொண்டாட்டங்களும்

லென்ஸ் போடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஒழுங்காகப் பாவிப்பவர்களுக்கு இந்த நோய்கள் வருவது அரிது. ஆனால் தண்ணீரும் லென்ஸும் சேரக்கூடாது. லென்ஸுடன் நீந்துவதோ குளிப்பதோ கூடாது, ஈரக்கையால் தொடக்கூடாது, லென்ஸையும் டப்பாவையும் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது. 2022இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வில், ஒருநாள் பாவித்து எறியும் லென்ஸ் போடுபவர்களை விட, கழுவித் திரும்பப் பாவிக்கும் மென் லென்ஸ் போடுபவர்களுக்கு அக்கந்தமீபா வரும் ஆபத்து ஏறக்குறைய 4 மடங்கு. லென்ஸுடன் குளிப்பது ஆபத்தை 3 மடங்குக்கு மேல் கூட்டியது. டப்பாவில் பழைய திரவத்துக்கு மேல் புதியதை ஊற்றாமல், ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். மாதத்துக்கு ஒரு தரம் டப்பாவையே மாற்றுங்கள்.

சாமத்திய வீடு, அரங்கேற்றம், கலியாணம் என்று வந்தால் அலங்காரம் செய்பவரே நிற லென்ஸ் கொண்டுவந்து போட்டுவிடும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பார்வைத் திருத்தம் இல்லாத வெறும் நிற லென்ஸாக இருந்தாலும், இந்த நாட்டில் பதிவுபெற்ற ஒப்ரிசியன் அல்லது வைத்தியரின் மேற்பார்வையில்தான் விற்கலாம் என்பது சட்டம். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கண்ணில், அளவும் பார்க்காமல், முந்திய கிழமை இன்னொரு பிள்ளை போட்டதைப் போட்டுவிட்டதாகவும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். படத்தில் கண் வடிவாக இருக்கும் என்று இதற்குச் சம்மதிக்கும் பெற்றோரை என்ன சொல்வது?

எங்கே போவது?

ஜீ.பி. சர்ஜரிகள் அனேகமானவற்றில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் நுணுக்குக்காட்டி இல்லை. பகல் நேரமென்றால் பக்கத்து ஒப்ரிசியனைத் தொலைபேசியில் அழையுங்கள். பல இடங்களில் அவசரக் கண் பரிசோதனையை என்.எச்.எஸ். செலவிலேயே செய்கிறார்கள், தேவையென்றால் அவர்களே வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். மாலையிலும் வாரஇறுதியிலும் 111 ஐ அழையுங்கள். லண்டனில் மூர்பீல்ட்ஸ், மன்செஸ்டரில் றோயல் கண் வைத்தியசாலை போன்றவற்றில் கண்ணுக்கென்றே அவசரப் பிரிவு உண்டு. நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். தொலைபேசியில் "கண் சிவப்பு" என்று மட்டும் சொன்னால் இரண்டு நாள் கழித்து வரச் சொல்லுவார்கள். ஒரு கண் மட்டும், வலிக்கிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை, பார்வை மங்கல், லென்ஸ் போடுபவர் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதற்குக் காசில்லை.

தழும்பு விழுந்த பிறகு

புண் ஆறியபின் தழும்பு நடுவில் நின்றுவிட்டால், சிலருக்கு இறுக்கமான விசேட லென்ஸினால் பார்வை திருந்தும். மற்றவர்களுக்கு மாற்றுக் கருவிழிப் படலம் வைக்க வேண்டும். முதல் வெற்றிகரமான சத்திரசிகிச்சையை எட்வர்ட் சிர்ம் என்பவர் 1905இல், இன்று செக் நாட்டில் உள்ள ஒலோமோக் நகரில் செய்தார். இதில் எங்கள் தீவுக்கும் பெரிய பங்கு உண்டு. வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தான சங்கம், 1964இலிருந்து உலகின் பல நாடுகளுக்குக் கண்களை அனுப்பி வருகிறது. இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டிலிருந்து, வேண்டாம் என்று பதியாத வயதுவந்தவர்கள் தானத்துக்குச் சம்மதித்தவர்களாகவே கருதப்படுவார்கள். ஆனாலும் குடும்பத்தினரிடம் கேட்பார்கள். கண்ணுக்கு மட்டும் "வேண்டாம்" என்று குறிப்பிடுவோரும் பலர். உங்கள் விருப்பம் எதுவாயினும் வீட்டில் ஒருநாள் கதைத்து வையுங்கள்.

நாம் முதலில் சொன்ன பிள்ளையை, அந்தத் திங்கட்கிழமை பின்னேரமே ஒப்ரிசியன் ஒருவர் பார்த்துவிட்டு நேரே வைத்தியசாலைக்கு அனுப்பினார். சூடோமோனாஸ். இரண்டு இரவு தாயும் தகப்பனும் தமையனும் முறை வைத்து மணிக்கு மணி மருந்து விட்டார்கள். கண் தப்பிவிட்டது. தழும்பு நடுவிலிருந்து சற்றுத் தள்ளி விழுந்திருக்கிறது. வலது கண்ணால் கண்ணாடியுடன் கீழ் இரண்டு வரிகளை வாசிக்க முடியாது, இரவில் எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் சிதறித் தெரிகிறது. சத்திரசிகிச்சை இப்போதைக்கு வேண்டாம், ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்போம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அந்தச் சொட்டு மருந்துப் போத்தலைத் தாயார் வீசவில்லை. எமது பகுதிக்குப் படம் எடுக்கத் தந்தார். ஆனால் மருந்தின் பெயரை விளம்பரப்படுத்த விரும்பாததால் நாம் படத்தைப் பிரசுரிக்கவில்லை.